தேனீக்கூடும் பித்தளைக் குச்சிகளும்

ஏற்காடு போன்ற மலைகளில் பாறையில் தொங்கும் மலைத்தேனீக் கூட்டைக் குளவி நெருங்கினால் ஒரு வேடிக்கை நடக்கும். தேனீக்கள் வயிற்றுப் பகுதியைச் சட்டென்று தூக்கி இறக்க, கூடு முழுக்க ஓர் அலை ஓடும். ஒரு நொடிகூட ஆகாது. மொத்த அலையையும் நடத்துகிற தேனீ என்று எதுவும் கிடையாது. ஒவ்வொன்றும் பக்கத்துத் தேனீயைத்தான் பின்பற்றுகிறது.

இது உயிரியலாச்சே, இயற்பியலுக்கு இங்கே என்ன வேலை? இருக்கிறது. சாய்தளத்துப் பந்து தானாக எதுவும் செய்யாது. தேனீயும் பாக்டீரியாவும் சொந்த ஆற்றலைச் செலவழித்து நகர்பவை. இப்படிப்பட்டவை கூட்டமாகச் சேர்ந்தால் என்ன ஆகும் என்று ஆராயும் துறைதான் 'ஆக்டிவ் மேட்டர்'.

இத்துறையின் முன்னோடிகளில் ஒருவர், சேலத்திலிருந்து நாலைந்து மணி நேரத்தில் போய்விடக்கூடிய பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் ஸ்ரீராம் ராமசாமி. அவரும் அஜய் சூத், நிதின் குமார், ஹர்ஷ் சோனி ஆகியோரும் 2014-ல் வெளியிட்ட சோதனை அழகானது. ஒரு முனை தடித்து மறுமுனை மெலிந்த, சில மில்லிமீட்டர் நீளப் பித்தளைக் குச்சிகள். சுற்றிலும் அலுமினிய மணிகள். தட்டை மேலும் கீழுமாக அதிர வைத்தால், குச்சி தன் வடிவத்தால் ஒரு பக்கமாக நகரும்; மணிகளுக்கு அந்தத் திறமை இல்லை. ஆனால் மணிகள் போதுமான அளவு நெருக்கமாக இருந்தால், தூரத்தூரமாகக் கிடக்கும் கொஞ்சம் குச்சிகளே எல்லாம் ஒரே திசைக்குத் திரும்பிவிடுகின்றன! ஒரு குச்சி தள்ளும் மணிகளின் ஓட்டமே அடுத்த குச்சிக்குச் சேதி. கண் இல்லை, மூளை இல்லை.

இதைப் பிடித்துக்கொண்டு தேர்தல் கூட்டத்தையும் ஒரே சமன்பாட்டில் அடக்கிவிடலாம் என்று கிளம்புவது அதிகப்பிரசங்கித்தனம். மனிதன் பித்தளை அல்ல.

உண்மையான வருத்தம் வேறு. பெரிய ஆய்வு என்றால் ஜெனீவாவின் சுரங்கம், கோடிக்கணக்கில் பணம் என்றே நம் மாணவர்கள் நினைக்கிறார்கள். பிரஷ் தலையை வெட்டி, செல்போன் அதிர்வு மோட்டாரும் பட்டன் பேட்டரியும் ஒட்டினால் தானாக ஓடும் பூச்சி தயார். இப்படிப்பட்ட பூச்சிகளை வட்டத் தட்டில் விட்டு ஹார்வர்டில் 2013-ல் ஆய்வே செய்தார்கள். குறைவாக இருந்தபோது கண்டபடி ஓடியவை, எண்ணிக்கை கூடியதும் சேர்ந்து சுற்றின. ஏற்காட்டுப் பள்ளி எதிலும் இதைச் செய்ய ஒரு தாம்பாளம் போதும். எத்தனையாவது பூச்சியில் சுற்றத் தொடங்குகிறது என்று பிள்ளைகளே எண்ணட்டும்.