பனியனுக்குள் பெங்குயின்

2025 அக்டோபர் 14-ம் தேதி விண்டோஸ் 10 ரிடையர் ஆனது. மாலை, மரியாதை, பிரிவு உபசார போட்டோ எதுவும் கிடையாது. மறுநாள் காலையும் கம்ப்யூட்டர் வழக்கம்போல ஓடியது. அதுதான் ஆபத்தே. ஓடுகிறது, ஆனால் ஓட்டை விழுந்தால் அடைக்க இனி ஆள் வராது. வீட்டுக்காரர்கள் பதிவு செய்துகொண்டால் ஒரு வருஷம் சலுகை, கம்பெனிகள் என்றால் காசு கட்டணும் என்றார்கள்.

'விண்டோஸ் 11 போட்டுக்கலாமே?' என்பீர்கள். அதற்கு இன்டெல் சிப்பாக இருந்தால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். டி.பி.எம். 2.0 என்று ஒரு பாதுகாப்புச் சமாசாரமும் வேண்டும். நம் ஆபீஸ் மெஷின்கள் நாலாம் தலைமுறை. தாத்தாவை எல்.கே.ஜி.யில் சேர்க்கப் போன மாதிரி, வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும்.

திருப்பூர் பி.என். ரோட்டுப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு ஜாப் ஒர்க் யூனிட். நாற்பது தையல் மெஷின், நாலு கம்ப்யூட்டர். ஆகஸ்ட் 27-ல் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டு, ஊரே ஆர்டரை எண்ணிக்கொண்டிருந்த வருஷம் அது. நாலு புது கம்ப்யூட்டர் வாங்குங்கள் என்று முதலாளியிடம் யார் போய்ச் சொல்வது? அக்கவுன்ட்ஸ் தம்பி சொன்னான். பதில் வந்தது: "ஓடுதில்ல தம்பி? ஓடற மாட்டை எதுக்குச் சந்தைக்கு ஓட்டறே?"

அங்கேதான் ஒரு பென்டிரைவோடு போய் இறங்கினேன். உள்ளே லினக்ஸ் மின்ட் 22.2, 2025 செப்டம்பரில் வெளியான பதிப்பு. மின்ட்காரர்கள் ஒவ்வொரு பதிப்புக்கும் ஒரு பெண் பெயர் வைப்பார்கள். இதன் பெயர் ஸாரா. சொன்னதும் முதலாளி நிமிர்ந்து உட்கார்ந்தார். "பையருங்களா?" ஸ்பெயின் தேசத்து ஜவுளிக் கம்பெனி இல்லீங்க, இது வேற ஸாரா என்று விளக்குவதற்குள் பாதி உற்சாகம் போய்விட்டது. "இலவசம்" என்றேன். மீதியும் போய்விட்டது. "காசு கேக்காத சரக்குல செகண்ட்ஸ் கலந்திருக்குமுங்க."

திருப்பூர்க்காரருக்குத் திருப்பூர் பாஷையில்தான் சொல்லணும். 1991-ல் பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்கிற 21 வயது மாணவர் பொழுதுபோக்காக எழுத ஆரம்பித்தது லினக்ஸ். அது நூல். அந்த நூலில் உபுண்டு, மின்ட், ஃபெடோரா என்று பல பேர் பனியன் தைத்துத் தங்கள் லேபிள் ஒட்டுகிறார்கள். விசேஷம் என்னவென்றால், பனியனோடு பேட்டர்னையும் கொடுத்துவிடுவார்கள். நீங்களும் வெட்டலாம், தைக்கலாம், விற்கலாம். ஒரே கண்டிஷன்: நீங்கள் மாற்றித் தைத்ததை அடுத்தவருக்குக் கொடுத்தால், மாற்றின பேட்டர்னையும் சேர்த்துக் கொடுக்கணும். செகண்ட்ஸ் சரக்கா என்றால், உலகின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்களும் இந்த நூல்தான். உங்கள் பாக்கெட்டில் இருக்கிற ஆண்ட்ராய்டு போனுக்குள்ளும் இதுதான்.

தமிழ்நாட்டுக்கும் இது புதுசு இல்லை. உமாசங்கர் ஐ.ஏ.எஸ். எல்காட்டில் நிர்வாக இயக்குநராக இருந்தபோது, 2007 வாக்கிலேயே அந்த ஆபீஸ் கம்ப்யூட்டர்களை லினக்ஸுக்கு மாற்றிக் காட்டினார். 2011-ல் தொடங்கிய அரசு இலவச லேப்டாப்பில் விண்டோஸுக்குப் பக்கத்திலேயே பாஸ் லினக்ஸ் என்று ஒன்று உட்கார்ந்திருந்தது. நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அதைத் திறந்து பார்த்தார்கள் என்பது வேறு கதை.

சரி, சோதனைக்கு வருவோம். பென்டிரைவைச் சொருகி, ஆன் செய்ததும் எஃப் 12-ஐத் தட்டினால் (சில மெஷினில் வேறு பட்டன்) எதிலிருந்து கிளம்பட்டும் என்று கேட்கும். பென்டிரைவைக் காட்டினால் போதும். ஹார்டு டிஸ்க்கைத் தொடாமலே முழு லினக்ஸும் திரையில் வந்துவிடும். கீழே மெனு, பக்கத்தில் கடிகாரம், பார்த்தால் விண்டோஸுக்குச் சித்தப்பா மகன் மாதிரி இருக்கும். பென்டிரைவிலிருந்து ஓடுவதால் கொஞ்சம் மந்தம். ஆனால் பிடிக்காவிட்டால் ஆஃப் செய்துவிட்டுப் பென்டிரைவை உருவிக்கொள்ளலாம். கல்யாணத்துக்கு முன்னால் இவ்வளவு வசதி வேறு எதில் உண்டு?

மெர்ச்சண்டைசர் பையன் முதலில் உட்கார்ந்தான். வைஃபை பிடித்தது. பையர் மெயில் திறந்தது. காஸ்டிங் ஷீட்டை, அதாவது நூல், நிட்டிங், டையிங், தையல், வேஸ்டேஜ் எல்லாம் போட்ட எக்ஸெல் ஷீட்டை, லிப்ரே ஆபீஸ் திறந்து கூட்டல் பிசகாமல் காட்டியது. மேக்ரோ போட்ட ஒரு ஷீட் மட்டும் முரண்டு பிடித்தது. ஜி.எஸ்.டி., இ-வே பில் எல்லாம் பிரௌசர் வேலைதானே, ஃபயர்ஃபாக்ஸில் வந்தது. கீபோர்டு லிஸ்டிலேயே தமிழ் 99 இருக்கிறது. காசு கொடுத்து வேறு சாஃப்ட்வேர் தேட வேண்டாம். பிரிண்டர் இரண்டாவது முயற்சியில் பேப்பரைத் துப்பியது.

முதலாளி எல்லாவற்றையும் பார்த்தார். ஒரே கேள்வி கேட்டார்.

"டேலி ஓடுமுங்களா?"

அறையில் ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. திருப்பூரில் லினக்ஸ் நிற்பதும் விழுவதும் இந்த ஒரு கேள்வியில்தான். டேலி விண்டோஸுக்காகச் செய்தது. வைன் என்கிற இடைத்தரகரை வைத்து லினக்ஸில் ஓட்டிப் பார்க்கிறவர்கள் உண்டு, ஜி.எஸ்.டி. கடைசித் தேதி அன்று அந்தச் சர்க்கஸ் வேண்டாம். கோரல் டிரா, மார்க்கர் போடுகிற கேட் சாஃப்ட்வேர் இதெல்லாமும் பெரும்பாலும் அப்படித்தான். டிஜிட்டல் கையெழுத்து டோக்கனுக்கு லினக்ஸ் டிரைவர் உண்டா என்று விற்றவரிடம் முதலிலேயே கேட்டுவிடணும்.

ஆகவே தீர்ப்பு இதுதான்: மதம் மாற வேண்டாம், பாகம் பிரித்துக்கொள்ளுங்கள். டேலிக்கும் டோக்கனுக்கும் புதுசாக ஒரே ஒரு விண்டோஸ் 11 மெஷின். மெயில், எக்ஸெல், இ-வே பில் பார்க்கிற மீதி மூன்றுக்கும் லினக்ஸ். நாலு வாங்க வேண்டிய இடத்தில் ஒன்று. இந்தப் பதிப்புக்கு 2029 வரை ஓட்டை அடைக்க ஆள் உண்டு.

'கிராக் போட்ட விண்டோஸ் இருக்கே' என்பவர்களுக்கு ஒரு பழைய சேதி. 2017 மே மாதம் வான்னக்ரை என்கிற வைரஸ் சுமார் 150 நாடுகளில் கம்ப்யூட்டர்களைப் பூட்டி வைத்துக்கொண்டு பணம் கேட்டது. அதற்கான மருந்தை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சிலேயே கொடுத்திருந்தது. போட்டுக்கொள்ளாதவர்கள்தான் அதிகம் மாட்டினார்கள். ஷிப்மென்ட் அன்று இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் எல்லாம் பூட்டிக்கொண்டால் கன்டெய்னர் காத்திருக்காது. அதற்காக லினக்ஸ் போட்டால் சகலமும் தீரும் என்று நினைக்க வேண்டாம். 'எங்கள் பேங்க் அக்கவுன்ட் மாறிவிட்டது, இந்த நம்பருக்கு அனுப்புங்கள்' என்று வரும் திருட்டு மெயிலை லினக்ஸும் தடுக்காது. போன் போட்டு விசாரிப்பது நம் வேலை.

இன்னொரு நிஜம். சர்வீசுக்கு வரும் ஆட்களில் பல பேருக்கு விண்டோஸ் மட்டும்தான் தெரியும். லினக்ஸ் படுத்தால் ஆபீசிலேயே ஒருத்தருக்காவது எழுப்பத் தெரிந்திருக்கணும். அந்த ஒருத்தர் நீங்களாக இருங்களேன்? ஞாயிற்றுக்கிழமை, ஒரு எட்டு ஜி.பி. பென்டிரைவ், வீட்டு மூலையில் தூங்கும் பழைய லேப்டாப். போதும். சம்பளம் உயருமா தெரியாது. உங்களுக்கு லீவு கொடுக்க முதலாளி நிச்சயம் யோசிப்பார்.

கடைசியாக ஒன்று. பென்டிரைவில் எத்தனை நாள் வேண்டுமானாலும் விளையாடுங்கள். 'இன்ஸ்டால்' என்ற பொத்தானைத் தொடுவதற்கு முன் மட்டும் எல்லா ஃபைலையும் வேறு டிஸ்க்கில் காப்பி எடுத்து, எடுத்தது திறக்கிறதா என்றும் பாருங்கள். 'முழு டிஸ்க்கையும் அழிக்கவா?' என்று கேட்டால் அது நிஜமாகவே கேட்கிறது. நம்ம ஊர் கட்டிங் மாஸ்டருக்குத் தெரிந்த பாடம்தான்: துணியை வெட்டுவதற்கு முன்னால்தான் அளக்கணும்.