சிங்கப்பூரில் வேலை, ஜொகூரில் வீடு: உங்கள் சம்பளம் உண்மையில் எவ்வளவு?

சிங்கப்பூரில் மாதம் 2,400 வெள்ளி சம்பளத்தில் ஒரு வேலை கிடைக்கிறது. ஒரு வெள்ளிக்கு 3.20 ரிங்கிட் என்று வைத்துக்கொண்டால், அது 7,680 ரிங்கிட். ஜொகூர் பாருவில் அதே மாதிரி வேலைக்கு 4,000 ரிங்கிட் தருகிறார்கள். நீங்கள் எதை எடுப்பீர்கள்?

நிறைய பேர் இதற்கு யோசிக்கவே மாட்டார்கள். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு சம்பளமாச்சே! ஆனால் இந்தக் கணக்கில் நாணய மாற்று மட்டும்தான் இருக்கிறது. உங்கள் நேரம், ஓய்வுக்காலச் சேமிப்பு, விபத்துக் காப்பு எதுவுமே இதில் இல்லை.

உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியை மட்டும் நாளொன்றுக்குச் சுமார் 3 லட்சம் பேர் கடக்கிறார்கள். அவர்களில் பலர் அக்கரையில் வேலை பார்த்துவிட்டு இக்கரையில் வந்து தூங்கும் மலேசியர்கள். ஆர்டிஎஸ் ரயில் சேவை 2026 இறுதிக்குள் தொடங்கத் திட்டமிடப்பட்டிருப்பதால், "நானும் போகலாமா?" என்று நீங்களும் யோசித்துக்கொண்டிருக்கலாம். முடிவெடுப்பதற்கு முன் முழுக் கணக்கையும் போட்டுப் பார்ப்போம்.

(இந்தக் கட்டுரையில் 'வெள்ளி' என்றால் சிங்கப்பூர் வெள்ளி.)

ஒரு வெள்ளிக்கு ஏன் மூன்று ரிங்கிட்டுக்கு மேல்?

1973 மே மாதம் வரை இரு நாட்டு நாணயங்களும் ஒன்றுக்கு ஒன்று என மாறின. அந்த ஏற்பாடு முடிந்த பிறகு இரண்டும் தனித்தனி வழியில் போயின. சிங்கப்பூர் நாணய வாரியம் 1981 முதல் வட்டி விகிதத்தை அல்ல, வெள்ளியின் மதிப்பையே முக்கியக் கருவியாக வைத்து விலைவாசியைக் கட்டுப்படுத்துகிறது. ஏறக்குறைய எல்லாவற்றையும் இறக்குமதி செய்யும் நாடு என்பதால், வெள்ளி வலுவாக இருந்தால் பொருள் விலை அடங்கும். பேங்க் நெகாராவோ வட்டி விகிதத்தை வைத்து வேலை செய்கிறது.

2024 பிப்ரவரியில் ஒரு வெள்ளி 3.50 ரிங்கிட்டைத் தாண்டியது. பிறகு ரிங்கிட் மீண்டு வந்தது. நாட்டுக்கு நல்ல செய்திதான். ஆனால் வெள்ளியில் சம்பளம் வாங்கி ரிங்கிட்டில் கடன் கட்டுபவருக்கு? அதே 2,400 வெள்ளி, 3.50 இருந்தபோது 8,400 ரிங்கிட், 3.20 ஆனால் 7,680. யாரும் சம்பளத்தைக் குறைக்கவில்லை, ஆனாலும் மாதம் 720 ரிங்கிட் குறைந்துவிட்டது. மாற்று விகிதம் உச்சத்தில் இருக்கும்போது அதை நம்பி வீட்டுக் கடனோ கார் கடனோ எடுத்தால் இதுதான் ஆபத்து.

சரி, நேரத்துக்கு என்ன விலை?

ஒரு மாதிரிக் கணக்கு போடலாம். மாதம் 22 வேலை நாள். மதிய இடைவேளையோடு சேர்த்து ஒரு நாளைக்கு 9 மணி நேரம் வேலை.

சிங்கப்பூர் வேலைக்கு, வீட்டு வாசலிலிருந்து வேலையிடம் போய்த் திரும்ப 4 மணி நேரம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். வீட்டிலிருந்து எல்லை வரை, இரண்டு பக்கமும் குடிநுழைவுச் சோதனை, பிறகு பஸ் அல்லது எம்ஆர்டி, இதெல்லாம் அதில் சேரும். ஜொகூர் பாரு வேலைக்கு மொத்தப் பயணம் 1 மணி நேரம்.

- சிங்கப்பூர்: 13 மணி நேரம் × 22 நாள் = 286 மணி நேரம். 7,680 ரிங்கிட்டை வகுத்தால், மணிக்கு ஏறக்குறைய 26.85 ரிங்கிட்.
- ஜொகூர் பாரு: 10 மணி நேரம் × 22 நாள் = 220 மணி நேரம். 4,000 ரிங்கிட்டோடு முதலாளி உங்கள் சேமநிதிக்குக் கட்டும் 13 விழுக்காட்டையும் (520 ரிங்கிட்) சேர்த்தால், மணிக்கு ஏறக்குறைய 20.55 ரிங்கிட்.

பார்த்தீங்களா? இரண்டு மடங்காகத் தெரிந்த வித்தியாசம் 1.3 மடங்காகச் சுருங்கிவிட்டது. பயணச் செலவையும் வரியையும் இன்னும் கழிக்கவே இல்லை. இங்கே 5,000 ரிங்கிட் சம்பளம் கிடைத்தால் மணிக்கு 25.70 வரும், கிட்டத்தட்ட சமம்.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். ஒரு நாளைக்கு 4 மணி நேரம் என்றால் மாதம் 88 மணி நேரம் வழியிலேயே போகிறது. அது எட்டு மணி நேர வேலைநாள் 11-க்குச் சமம். ஓவர்டைம் செய்தால் அதற்குக் காசு உண்டு. பாலத்தில் நிற்கும் நேரத்துக்கு யாரும் காசு தருவதில்லை. அதிகாலை நாலு மணிக்கு எழுந்து இரவு எட்டு மணிக்கு வீடு திரும்புபவர் பிள்ளைகளை விழித்த நிலையில் பார்ப்பது வார இறுதியில்தான்.

ஆர்டிஎஸ் வந்தால் எல்லாம் மாறிடுமா?

கொஞ்சம் மாறும். புக்கிட் சாகாரையும் உட்லண்ட்ஸ் நார்த்தையும் இணைக்கும் 4 கிலோமீட்டர் பாதை இது. ரயில் பயணம் சுமார் 5 நிமிடம். ஒரு திசையில் மணிக்கு 10,000 பேர் வரை ஏற்றிச் செல்ல முடியும். மிகப் பெரிய நன்மை, இரு நாட்டுக் குடிநுழைவுச் சோதனையும் புறப்படும் நிலையத்திலேயே முடிந்துவிடும். இறங்கியதும் மறுபடி வரிசையில் நிற்க வேண்டாம். உட்லண்ட்ஸ் நார்த்திலேயே தாம்சன்-ஈஸ்ட் கோஸ்ட் எம்ஆர்டி தடமும் இருக்கிறது.

இப்போதுள்ள ஷட்டில் தெப்ராவ் ரயிலும் கடலைச் சுமார் 5 நிமிடத்தில்தான் கடக்கிறது. ஆனால் இடம் குறைவு, டிக்கெட் கிடைப்பது கஷ்டம். ஆர்டிஎஸ் தொடங்கியபின் ஆறு மாதத்துக்குள் அந்தச் சேவை நிறுத்தப்படும் என்பது இரு நாடுகளும் செய்துகொண்ட ஏற்பாடு.

அந்த 5 நிமிடம் கடலைக் கடக்க மட்டும்தான். நீங்கள் ஸ்கூடாயிலோ மாசாயிலோ பாசிர் கூடாங்கிலோ இருந்தால், முதலில் புக்கிட் சாகாருக்குப் போய்ச் சேர வேண்டும். அந்தப் பக்கம் உங்கள் வேலையிடம் துவாஸில் இருந்தால் உட்லண்ட்ஸ் நார்த்திலிருந்து இன்னும் நீண்ட தூரம். ஆகவே "ரயில் எத்தனை நிமிடம்?" என்று கேட்காமல், "என் வீட்டு வாசலிலிருந்து எத்தனை நிமிடம்?" என்று கேளுங்கள். மொத்தப் பயணம் 4 மணியிலிருந்து இரண்டரை மணியாகக் குறைந்தால், மேலே போட்ட கணக்கில் மணிக்கு 26.85 என்பது ஏறக்குறைய 30.35 ரிங்கிட் ஆகும். அது நல்ல உயர்வுதான். ஆனால் அது எல்லாருக்கும் கிடைக்காது.

சம்பளச் சீட்டில் இல்லாதவை என்னென்ன?

ஓய்வுக்காலச் சேமிப்பு: சிங்கப்பூரின் மத்திய சேமநிதி குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே. வேலை அனுமதியில் இருப்பவருக்கு முதலாளி கட்ட மாட்டார். உங்கள் சம்பளத்திலும் பிடிக்க மாட்டார். முழுச் சம்பளமும் கைக்கு வருவது நன்றாகத்தான் இருக்கும், ஆனால் பத்து ஆண்டு கழித்து ஊழியர் சேமநிதி வாரியக் கணக்கைத் திறந்து பார்த்தால் புதிய சந்தா ஒன்றும் ஏறியிருக்காது. இதற்கு வழி இருக்கிறது: அந்த வாரியத்தில் நீங்களே ஆண்டுக்கு 100,000 ரிங்கிட் வரை விருப்பச் சந்தா செலுத்தலாம்.

விபத்துக் காப்பு: மலேசியாவில் சொக்சோ, வேலைக்குப் போய்வரும் வழியில் நேரும் விபத்தையும் பார்த்துக்கொள்கிறது. சிங்கப்பூர் முதலாளி சொக்சோவுக்குக் கட்டுவதில்லை. அங்குள்ள வேலைக் காய இழப்பீட்டுச் சட்டம் வெளிநாட்டு ஊழியருக்கும் பொருந்தும். ஆனால் சொந்த மோட்டார் சைக்கிளில் போகும் வழியில் நேரும் விபத்து பொதுவாக அதில் சேராது. தினமும் மோட்டார் சைக்கிளில் பாலத்தைக் கடப்பவர்கள் தனிப்பட்ட விபத்துக் காப்புறுதி எடுத்துக்கொள்வது ஏன் அவசியம் என்பது இப்போது புரிந்திருக்கும்.

வேலை அனுமதி: அது குறிப்பிட்ட முதலாளியோடு கட்டுண்டது. வேலை போனால் அனுமதியும் ரத்தாகும்.

பாலம் மூடினால்?

நடக்காத காரியம் இல்லை. 2020 மார்ச் 18 அன்று மலேசியா நடமாட்டக் கட்டுப்பாட்டை நடைமுறைப்படுத்தியபோது, தினசரிப் பயணம் ஒரே இரவில் நின்றுபோனது. பலர் வேலையைக் காப்பாற்ற சிங்கப்பூரிலேயே தங்கிவிட்டார்கள். குடும்பம் ஒரு கிலோமீட்டர் பாலத்துக்கு அந்தப் பக்கம். தரைவழி எல்லை முழுமையாகத் திறந்தது 2022 ஏப்ரல் 1 அன்றுதான். சில மாதச் செலவுக்கான பணம் கையில் இருந்தவர்களுக்கு மட்டுமே அப்போது எங்கே இருப்பது என்று தேர்ந்தெடுக்க முடிந்தது.

அப்போ போகலாமா, வேண்டாமா?

எல்லாருக்கும் ஒரே பதில் கிடையாது. படிப்புக் கடனைச் சீக்கிரம் அடைக்க வேண்டும், வயது 24, தனி ஆள் என்றால் கணக்கு ஒரு மாதிரி வரும். கைக்குழந்தையும் வயதான பெற்றோரும் வீட்டில் இருந்தால் வேறு மாதிரி வரும். 2025 ஜனவரியில் கையெழுத்தான ஜொகூர்-சிங்கப்பூர் சிறப்புப் பொருளியல் மண்டலம், முதல் ஐந்து ஆண்டுகளில் 20,000 திறன்பெற்ற வேலைகளை உருவாக்கும் இலக்கு வைத்துள்ளது. அது நிறைவேறினால் சிலருக்கு பாலத்தைக் கடக்கும் தேவையே குறையலாம்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் இந்த நான்கையும் செய்து பாருங்க:

1. ஒரு திங்கட்கிழமை காலையில் வேலையிடம் வரை ஒருமுறை போய் வாருங்கள். கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.
2. ஒரு வெள்ளிக்கு 3 ரிங்கிட் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். அப்போதும் கடன்களைக் கட்ட முடிகிறதா?
3. சேமநிதிக்கும் காப்புறுதிக்கும் நீங்களே கட்டப்போகும் தொகையைக் கழித்துவிட்டு மீதியைப் பாருங்கள்.
4. எத்தனை ஆண்டு இப்படிப் போய்வருவீர்கள் என்று ஒரு வரம்பு வையுங்கள். அதை வீட்டில் உள்ளவர்களிடமும் சொல்லுங்கள்.

இவற்றுக்குப் பிறகும் சிங்கப்பூர் வேலைதான் சரி என்று தோன்றினால், தாராளமாகப் போங்க.