மாசமாக இருக்கும் வீட்டில் சுவரைக் கொத்துவது

மாசமாக இருக்கும் பெண் உள்ள வீட்டில் கட்டட வேலை தொடங்கக் கூடாது என்பது திண்டுக்கல் பக்கம் இன்றும் பெரியவர்கள் வாயில் வரும் பேச்சு. இளைய தம்பதிகள் அதை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட்டு மேஸ்திரியைக் கூப்பிடுகிறார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. இரண்டு பிள்ளைகள் ஓடியாடும் வீட்டில் மூன்றாவது வரப்போகிறது என்று தெரிந்த பிறகுதான் இருக்கிற இடம் போதாது என்பது உறைக்கிறது. தாடிக்கொம்பு போன்ற ஊரில் அதற்காகத் தனி வாடகை வீடு பார்ப்பவர்கள் குறைவு. மழை ஓய்ந்து பொங்கல் கழிந்ததும் சீட்டுப் பணமோ நகைக்கடனோ கைக்கு வர, இருக்கிற வீட்டிலேயே கை வைக்கிறார்கள். இந்த வழக்கில் நான் பெரியவர்கள் பக்கம் நிற்கிறேன், ஆனால் அவர்கள் சொல்லும் காரணத்துக்காக அல்ல. வேலையே கூடாது என்பதில்லை. எந்த வேலை, எந்த நாளில், வீட்டில் யார் இருக்கும்போது என்பதே கேள்வி.

வழக்கம் எதைத் தடுக்கிறது என்று கவனியுங்கள். மனை போடக் கூடாது, வாசக்கால் வைக்கக் கூடாது என்கிறது. ஆனால் ஏற்கெனவே தொடங்கிவிட்ட வேலையென்றால் தொடரலாம் என்று பல குடும்பங்களில் விலக்கு உண்டு. உடல்நலக் கணக்கில் இது தலைகீழ். காலிமனையில் வாசக்கால் நிறுத்துவதால் கர்ப்பிணிக்கு ஒரு கேடும் இல்லை. குடியிருக்கும் வீட்டில் பழைய பூச்சைக் கொத்துவதும், கம்பி வேலைக்காகச் சுவரில் காடி எடுப்பதும், தரைக்கல்லை மெஷினில் அறுப்பதும், கிரில்லையும் கதவையும் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதும்தான் கேடு. இவையெல்லாம் 'தொடரும் வேலை' என்ற பெயரில் தப்பித்துக்கொள்கின்றன.

காரணம் தூசு, அதிலும் பழைய பெயின்டில் உள்ள காரீயம். வீட்டுப் பெயின்டில் காரீயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற மத்திய அரசின் விதி 2016இல் அறிவிக்கப்பட்டு, 2017 நவம்பர் 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த எனாமல் பெயின்ட் எதையும் நம்ப முடியாது. வெறும் சுண்ணாம்பு அடித்த சுவரில் இந்த அச்சம் குறைவு. சன்னல், கதவு, கிரில், அலமாரியில்தான் ஆபத்து. காரீயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று தெரியவந்ததே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். பெரியவர் விழுங்கினால் உடலில் சேர்வதைப்போல நான்கைந்து மடங்கு சிறுபிள்ளையின் உடலில் சேரும். தரையில் தவழ்ந்து கையை வாயில் வைக்கும் வயது என்றால் கேட்க வேண்டாம். தாயின் எலும்பில் முன்பே தங்கிய காரீயமும் கர்ப்ப காலத்தில் ரத்தத்தில் இறங்கிக் கருவை எட்டுகிறது. இரும்புச்சத்து குறைந்த உடல் காரீயத்தை இன்னும் அதிகமாக உறிஞ்சும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு ரத்தசோகை.

"நாங்கள் எல்லாம் இப்படி வீட்டில்தான் பெற்று வளர்த்தோம்" என்று எழும் குரலுக்கு என் பதில்: அந்த வீடு வேறு. மண்ணும் சுண்ணாம்பும் நாட்டு ஓடுமாக இருந்த வீட்டில் எனாமல் பெயின்டும் இல்லை, ஒரு மணி நேரத்தில் அறையையே வெள்ளையாக்கும் கட்டர் மெஷினும் இல்லை. தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு போய்விடுவாள். அந்த ஏற்பாடு தெரியாமலே ஒரு பாதுகாப்பாக இருந்தது. இரண்டாவது, மூன்றாவது என்று வரும்போது பெரும்பாலும் அவள் போவதில்லை. மூத்த பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது. தவிர, காரீயம் செய்யும் கேடு காய்ச்சலாகவோ கட்டியாகவோ தெரிவதில்லை. ஐந்து வருடம் கழித்துப் பிள்ளைக்குப் படிப்பு ஏறவில்லை என்றால், யாரும் அந்தக் கிரில்லைத் தேய்த்த நாளை நினைத்துப் பார்க்கப் போவதில்லை.

என்ன செய்யலாம்? ஒரு அறையைக் காலி செய்து வேலை முடித்து, பிறகு அடுத்த அறை என்று போவது குடும்பத்துக்கு வசதி என எல்லோரும் நினைக்கிறார்கள். கர்ப்பிணிக்கும் குழந்தைகளுக்கும் அதைவிடக் கெடுதலான முறை இல்லை. மாதக்கணக்கில் தூசுக்குள்ளேயே சமைத்து, தூசுக்குள்ளேயே தூங்க வேண்டியிருக்கும். உடைப்பது, கொத்துவது, காடி எடுப்பது, அறுப்பது, தேய்ப்பது எல்லாவற்றையும் ஒரே தொடர்ச்சியாக முடிக்கச் சொல்லுங்கள். சிறிய வீட்டுக்குச் சில நாள்தான் ஆகும். அந்த நாள்களில் தாயும் பிள்ளைகளும் உறவினர் வீட்டில் இருக்கட்டும். தேய்க்கும் இடத்தைத் தண்ணீரால் நனைத்துவிட்டுத் தேய்க்க வேண்டும். பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்து முடித்த பிறகே அவர்கள் திரும்ப வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் சீட்டை உடைக்காமல், அறுக்காமல், முழுதாகக் கழற்றி இறக்க வேண்டும். பூச்சு, தரைக்கல் பதித்தல் போன்ற மீதி வேலைகளைப் பிறகு நிதானமாகச் செய்துகொள்ளலாம். அப்போதும் கவனம் வேண்டும், தண்ணீர் விஷயத்தில்: பூச்சை நனைக்கப் பிடித்துவைத்த டிரம்மை வாரம் ஒருமுறை கவிழ்த்துத் தேய்க்காவிட்டால் டெங்கு கொசு வளரும்; மூடாத தரைத்தொட்டி இரண்டு வயதுப் பிள்ளைக்கு எமன்.

ஒழுகும் கூரையை வைத்துக்கொண்டு பிரசவம் வரை காத்திருக்க முடியுமா என்று கேட்பார்கள். முடியாது, காத்திருக்கவும் கூடாது. ஈரச் சுவரின் பூஞ்சையும் குழந்தையின் மூச்சைக் கெடுக்கும். அதனால்தான் தள்ளிப்போடச் சொல்லாமல் வரிசையை மாற்றச் சொல்கிறேன். போக உறவினர் வீடு இல்லாதவர்கள்தான் உண்மையான சிக்கலில் இருக்கிறார்கள். அங்கே அரசு வர வேண்டும். 2000-01க்கு முன் பல திட்டங்களில் கட்டிய இரண்டரை லட்சம் ஊரக வீடுகளை 2,000 கோடி ரூபாயில் பழுதுபார்ப்பதாகத் தமிழக அரசு 2024இல் அறிவித்தது. தாடிக்கொம்பு பேரூராட்சி என்பதால் ஊரகத் திட்டம் அதற்குப் பொருந்தாது. சுற்றியுள்ள கிராம ஊராட்சிகளுக்குப் பொருந்தும். நல்ல திட்டம். ஆனால் அந்த வீடுகள் அனைத்தும் காரீய விதிக்கு முந்தியவை. அமெரிக்காவில் 1978க்கு முன் கட்டிய வீட்டில் கூலிக்குப் பழைய பெயின்டைக் கலைப்பவர் பயிற்சிச் சான்று பெற்றிருக்க வேண்டும் என்பது 2010 முதல் சட்டம். அவ்வளவு வேண்டாம். கர்ப்பிணி ஒவ்வொருவருக்கும் இங்கே பிக்மி எண் என்ற அரசுப் பதிவு எண் இருக்கிறது. கிராம சுகாதார செவிலியருக்கு எந்த வீட்டில் யார் எத்தனையாவது மாதம் என்பது தெரியும். பணி ஆணை தருமுன் அந்தப் பட்டியலைப் பார்த்து, அத்தகைய வீட்டுக்குக் கால அவகாசமோ சில நாள் தங்க இடமோ தருவதற்குப் புதிய துறை ஒன்றும் வேண்டியதில்லை.

இதையெல்லாம் வீட்டுக்காரர்களுக்காக மட்டும் கேட்பதும் சரியல்ல. அதே சுவரின் கீழே கலவைச் சட்டி சுமக்கும் சித்தாளும் வாயும் வயிறுமாக இருக்கலாம். ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகளுக்கு அறை வேண்டும் என்று 1996ஆம் ஆண்டுக் கட்டுமானத் தொழிலாளர் சட்டம் சொன்னது. சொந்தக் குடியிருப்புக்குப் பத்து லட்சம் ரூபாய் வரை ஆள் வைத்து வேலை செய்விப்பவரை அதே சட்டம் விலக்கியும் வைத்தது. ஒரு கொத்தனாரும் இரண்டு சித்தாளும் செய்யும் வீட்டு வேலையை எந்த ஆய்வாளரும் எட்டிப் பார்ப்பதில்லை. அவள் சேலையில் படிந்த தூசு அவள் பிள்ளைகளிடமும் போகிறது. நனைத்துத் தேய்க்க ஆகும் கூடுதல் அரைநாள் கூலியையும் முகக்கவசத்தின் விலையையும் மேஸ்திரியின் மதிப்பீட்டில் முதலிலேயே எழுதச் சொல்லுங்கள். பேரம் பேசும்போது அந்த வரியை மட்டும் அடிக்காதீர்கள்.