மூக்குக் கண்ணாடியும் பித்தளை டோக்கனும்

போன மாதம் மேற்குத் தாம்பரத்தில், ஒரு ஜவுளிக்கடையின் மாடியில், பதினோரு பேர் கூடிய கூட்டத்தில் நண்பரொருவர் ஆதிமூலத்தின் காந்தி கோட்டோவியங்களைப் பற்றிக் கட்டுரை வாசித்தார். நண்பர் கவிஞர். நல்ல கவிஞர் என்று நானே இந்தப் பக்கங்களில் எழுதியிருக்கிறேன். அதை இப்போதும் வாபஸ் வாங்கவில்லை. ஆனால் அன்று அவர் செய்தது விமர்சனம் இல்லை, பட்டுவாடா. கண்ணாடி என்றால் தீர்க்கதரிசனம். கைத்தடி என்றால் மன உறுதி. ராட்டை என்றால் சுயசார்பு. இடுப்பில் தொங்கும் கடிகாரம் என்றால் காலப் பிரக்ஞை. ஒவ்வொன்றுக்கும் எல்லோரும் தலையை ஆட்டினார்கள். நானும் ஆட்டினேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். கூட்டம் முடிந்து, ஸ்டேஷன் நடைமேம்பாலத்தின் படிகளில் இறங்கும்போதுதான் கோபம் வந்தது. எனக்குக் கோபம் எப்போதும் ஒரு ரயில் தாமதமாகத்தான் வரும்.

வங்கிக் குமாஸ்தாவுக்கு உதாரணம் கவுண்டரிலிருந்துதான் கிடைக்கும். எங்கள் கிளையில் ஒரு பிஸ்கட் டின் நிறையப் பழைய பித்தளை டோக்கன்கள் கிடக்கின்றன. அந்தக் காலத்தில் செக்கைக் கொடுத்தால் டோக்கன் கொடுப்பார்கள். கேஷியர் எண்ணைக் கூப்பிட்டதும் டோக்கனை நீட்டிப் பணத்தை வாங்கிக்கொண்டு போகவேண்டும். பணம் கைக்கு வந்த பிறகு டோக்கனை யார் நினைக்கிறார்கள்? அதன் விளிம்பு தேய்ந்திருந்ததா, துளை வட்டமா சதுரமா, யாருக்கும் தெரியாது. தெரிய வேண்டியதுமில்லை. டோக்கனின் உத்தியோகம் அவ்வளவுதான். நண்பர் கண்ணாடியை நீட்டினார், தீர்க்கதரிசனத்தை வாங்கிக்கொண்டார். கைத்தடியை நீட்டினார், மன உறுதி வந்தது. கணக்குத் தீர்ந்தது. படம்? அது பிஸ்கட் டின்னுக்குள் போயிற்று.

இதற்குத்தான் நம்மிடையே 'குறியீட்டு வாசிப்பு' என்று பெயர்.

படங்களைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் தகவல். 1938இல் துறையூர்ப் பக்கம் கீராம்பூரில் பிறந்த கே. எம். ஆதிமூலம், சென்னை ஓவியக் கல்லூரியில் படித்தவர். காந்தி நூற்றாண்டான 1969ஐ ஒட்டி ஏறத்தாழ நூறு காந்திகளைக் கறுப்பு மையில் கோடாகப் போட்டார். 'கசடதபற' காலத்திலிருந்து சிறுபத்திரிகைக்காரர்களோடு கூடவே இருந்து, நமது பத்திரிகைகளுக்கும் புத்தகங்களுக்கும் முகம் என்று ஒன்று இருப்பதற்குக் காரணமானவர்களில் ஒருவர். 2008இல் காலமானார். நாம் அவருக்குச் செய்த கைம்மாறு, அவர் கோடுகளை அகராதியாக்கியது.

அந்த நூறில் எனக்குக் கிடைத்தவற்றை, புத்தகத்தில் அச்சானவற்றைத்தான், பல தடவை பார்த்திருக்கிறேன். சிலவற்றில் கோடு கோட்டின்மேல் விழுந்து இருட்டாகிறது. சிலவற்றில் நாலைந்து வீச்சில் ஆள் நடந்துவிடுகிறார். என் கண்ணுக்குப் படுவது இது: கண்ணாடியின் வளையத்தைப் போட்ட பேனா, கண்ணுக்குக் கீழே தொங்கும் தோலின் சுருக்கத்தை வேறொரு கோடாக நினைக்கவில்லை. கம்பி எங்கே முடிகிறது, கிழவரின் தசை எங்கே தொடங்குகிறது என்று தேடவேண்டியிருக்கிறது. கண்ணாடி அங்கே ஒரு வயதான உடம்பின் பகுதி. காதில் மாட்டி, மூக்கில் அழுந்தி, கழற்றினால் தழும்பு தெரியும் சாமான். தீர்க்கதரிசனத்துக்கு முந்திய விஷயம் வெள்ளெழுத்து. அதை விட்டுவிட்டு நேரே தத்துவத்துக்குத் தாவுகிறவர் படத்தைப் பார்க்கவில்லை. அதைப் பற்றித் தனக்கு முன்பே தெரிந்ததைத்தான் பார்த்தார்.

துணியையும் சொல்லவேண்டும். ஆதிமூலம் நெசவாளர் சேவை மையத்தில் உத்தியோகம் பார்த்தவர். நூல், பாவு, ஊடை என்று புழங்கும் இடம். காந்தியின் மேல்துண்டை 'எளிமை' என்று நாம் மொழிபெயர்த்துக்கொள்ளலாம். துணியோடு புழங்கியவருக்கு அது முதலில் துணி. தோளிலிருந்து எப்படி வழுக்கும், எங்கே மடியும் என்ற கவலைதான் கையை நகர்த்தும். எளிமை பிறகு வந்தால் வரட்டும்.

'குறியீடு நமது மரபிலேயே இருக்கிறதே, உள்ளுறை என்பது என்ன?' என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். கேட்டது நல்லதாகப் போயிற்று. உள்ளுறைக்குக் கருப்பொருளை நிலைக்களமாகச் சொன்ன தொல்காப்பியர், அந்தக் கருப்பொருளில் தெய்வத்தை மட்டும் விலக்கிவிடுகிறார். நண்டு வரலாம், எருமை வரலாம், வண்டு வரலாம்; தெய்வம் வரக்கூடாது. உரைகாரர்கள் இதற்கு என்ன சொல்லட்டும், எனக்குத் தோன்றுவது இது: தெய்வம் வந்துவிட்டால் அர்த்தம் முன்கூட்டியே நிச்சயமாகிவிடுகிறது. நண்டுக்கு அப்படி நிச்சயம் ஒன்றும் கிடையாது. அது முதலில் ஈர மணலில் ஓடவேண்டும், வளைக்குள் நுழையவேண்டும். அப்படி ஓடும் நண்டுக்குள்ளேதான் தலைவியின் மனம் போய் உட்காரமுடியும். நண்டு சரியாக ஓடாவிட்டால் உள்ளுறையும் இல்லை.

காந்தி விஷயத்தில் நடந்தது இதற்கு நேர் எதிர். அவர் தெய்வமாகிவிட்டார். தெய்வத்துக்குச் சிற்பசாஸ்திரத்தில் ஆயுதம் உண்டு. கையில் வேல் இருந்தால் முருகன், சங்கும் சக்கரமும் இருந்தால் பெருமாள். முகத்தைப் பார்க்கவே தேவையில்லை. காந்திக்குக் கண்ணாடியும் தடியும் அப்படி ஆயுதங்களாயின. 2014இல் தூய்மை இந்தியா திட்டத்துக்குச் சின்னம் வரைந்தபோது முகத்தை எடுத்தே விட்டார்கள்: வெறும் கண்ணாடி, ஒரு வளையத்தில் ஒரு சொல், மறு வளையத்தில் இன்னொரு சொல். 2016க்குப் பின் வந்த நோட்டுகளின் பின்பக்கத்தில் அது அச்சாகியிருக்கிறது. நாளொன்றுக்கு எத்தனை கட்டு எண்ணுகிறேன் என்று கணக்கு வைத்துக்கொண்டதில்லை. காதில்லாத, மூக்கில்லாத அந்தக் கண்ணாடி என் விரலுக்கடியில் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஒரு தடவைகூட அது என்னைப் பார்த்ததில்லை. முன்பக்கத்துக் காந்தியாவது சிரிக்கிறார்.

நிஜக் கண்ணாடிக்கு வேறு கதி. 2009 மார்ச்சில் நியூயார்க்கில் ஏலம் போட்டார்கள்: மூக்குக் கண்ணாடி ஒன்று, செருப்பு ஒரு ஜோடி, பாக்கெட் கடிகாரம், தட்டு, கிண்ணம். மதுபான முதலாளி விஜய் மல்லையா 18 லட்சம் டாலருக்கு எடுத்தார். மதுவிலக்குக்காரரின் செருப்பு! இதில் எல்லோரும் முரண்நகை கண்டுபிடித்துச் சந்தோஷப்பட்டார்கள். (பிற்பாடு வங்கிகள் அவரிடம் கேட்டுக்கொண்டிருந்த தொகையைப் பற்றி நான் எழுதினால் அது ஆபீஸ் விஷயமாகிவிடும்.) எனக்கு அதில் முரண்நகை தெரியவில்லை. பொருளிலிருந்து உபயோகத்தை உரித்துவிட்டால் மிஞ்சுவது விலைதான். சின்னமும் ஏலப்பொருளும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. இரண்டிலும் யாரும் செருப்பைப் போட்டுக்கொண்டு நடப்பதில்லை.

ஆதிமூலம் செய்தது, தெய்வத்தைத் திரும்பக் கருப்பொருளுக்குள் இழுத்துக்கொண்டு வந்தது. நூற்றாண்டு வருஷத்தில், ஊரே மாலை போட்டுக்கொண்டிருந்தபோது அதைச் செய்தார் என்பது சின்ன விஷயமில்லை. அவருக்கு முன்னால் நந்தலால் போஸ் செய்திருக்கிறார். 1930இல், தண்டி யாத்திரையை ஒட்டி வெட்டிய லினோகட்டில் கறுப்பின்மேல் வெள்ளைக் கோடாகக் காந்தி நடக்கிறார். கையில் தடி. அந்தத் தடி நடைக்கு இன்னொரு கால்; எடுத்துவிட்டால் படம் நொண்டும். மன உறுதியை அதில் தேடினால் கிடைக்கும். ஆனால் தடி தரையில் ஊன்றியிருப்பதைப் பார்த்த பிறகு.

ஆதிமூலம் பின்னால் வரைந்த ராஜாக்களையும் சேர்த்துப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். தலைப்பாகை, ஆபரணம், வாள் என்று சாமான்கள் குவிகின்றன. கோடு அங்கே அலங்காரமாகப் பெருகி, உள்ளே இருக்கவேண்டிய ஆளைத் தின்றுவிடுகிறது. காந்தி படங்களில் சாமான் உடம்போடு ஒட்டுகிறது, இங்கே உடம்பைத் துரத்திவிடுகிறது. அதிகாரத்தைப் பற்றி அந்தக் கோடு எதையாவது சொல்கிறதென்றால், சொல்வது இந்த வித்தியாசத்தில்தான். 'வாள் = அதிகாரம்' என்று எழுதிவைத்துக்கொள்கிறவருக்கு இரண்டு தொடரும் ஒன்றாகத்தான் தெரியும். வாளுக்குப் பதில் தடி, அவ்வளவே.

மேல்நாட்டிலும் இந்தத் தவறு பெரிய ஆட்களே செய்ததுதான். வான்கோவின் பழைய பூட்ஸ் படத்தை வைத்து ஹைடெக்கர் ஒரு குடியானவப் பெண்ணின் வாழ்வையும் மண்ணையும் எழுதித் தீர்த்தார். 1968இல் மேயர் ஷாபிரோ, அது ஓவியரின் சொந்த பூட்ஸ் ஐயா என்றார். யார் சரி என்பது இங்கே நமக்கு வேண்டாம். தேய்ந்த தோலும் அவிழ்ந்த நாடாவும் அத்தனை ஸ்தூலமாக இருந்ததால்தான் இரண்டு பேரால் சண்டை போட முடிந்தது. பி.ஏ.யில் எலியட்டின் 1919ஆம் வருஷத்து ஹாம்லெட் கட்டுரையை, 'ஆப்ஜெக்டிவ் கோரிலேட்டிவ்' என்ற பதத்தோடு, பத்து மார்க்குக்காக நெட்டுருப் போட்டவன் நான். உணர்ச்சிக்கு ஈடாகப் பொருள் வேண்டும் என்றதைப் பிடித்துக்கொண்டோம். பொருள் பொருளாக இருந்தால்தான் ஈடு என்பது எங்கள் நோட்ஸில் இல்லை.

இவ்வளவும் நண்பரைத் தாக்குவதற்காக என்றால் எழுதியிருக்கமாட்டேன். அவரை விடப் பெரிய குற்றம் என்னுடையது. இரண்டு வருஷத்துக்கு முன் மேடவாக்கத்துப் பையன் ஒருவர் இந்தப் பத்திரிகைக்குப் படம் கொண்டுவந்தார். பிளாஸ்டிக் குடங்கள். தண்ணீர் லாரிக்காக வரிசையில் வைத்த குடங்கள், பதினைந்து இருபது இருக்கும். எங்கள் பக்கத்தில் கோடை வந்தால் தெருவே அப்படித்தான். பேனாவில் போட்டிருந்தார். ஒவ்வொரு குடமும் வேறு. ஒன்றின் கழுத்தில் ரிப்பன் கட்டியிருந்தது, மாறிப்போகாமலிருக்க. ஒன்று நசுங்கிக் கொஞ்சம் சாய்ந்து, பக்கத்துக் குடத்தின்மேல் தோளைப் போட்டிருந்தது. ஆள் ஒருவர்கூட இல்லை. எல்லா ஆளும் இருந்தார்கள்.

நாங்கள் மூன்று பேர் பார்த்தோம். 'இது என்ன சொல்கிறது?' என்று கேட்டது நான். அவர், 'எங்க தெரு சார்' என்றார். இன்னொருவர், முன்னால் இருக்கும் குடத்தில் ஒரு விரிசல் போட்டால் வறட்சிக்குக் குறியீடாகுமே என்று யோசனை சொன்னார். பிளாஸ்டிக் குடம் விரிசல் விட்டால் ஒழுகும் சார், வரிசையில் வைக்கமாட்டாங்க என்றார் பையன். அதை விடச் சிறந்த கலை விமர்சனத்தை நான் அந்த வருஷம் கேட்கவில்லை. ஆனால் அன்று சிரித்தேன். படத்தைச் சுருட்டிக்கொண்டு போனவர் திரும்பி வரவில்லை. அந்த இதழில் இரண்டு கவிதைகளுக்கு நடுவே, எங்கிருந்தோ எடுத்த உடைந்த நாற்காலி ஒன்றைப் போட்டோம். அது எதற்குக் குறியீடு என்று யாரும் கேட்கவில்லை, எல்லோருக்கும் தெரியும்.

ஜவுளிக்கடை மாடிக் கூட்டம் முடிந்த வாரம் அவரைத் தேடிப்போனேன். சேலையூரில் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் வேலை செய்கிறார். கம்ப்யூட்டர் திரையில் ஏதோ பள்ளிக்கூடத்து பேனர்: இரண்டு வட்டம், நடுவே ஒரு வளைவு, பக்கத்துக்கு ஒரு கம்பி. காந்தி ஜெயந்திக்காம். ஐந்து நிமிஷ வேலை என்றார். குடங்களைப் பற்றிக் கேட்டேன். 'எது சார்?' என்றார். சொன்னேன். வீடு மாற்றும்போது எங்கேயோ வைத்ததாகவும், தேடிப் பார்ப்பதாகவும் சொன்னார். குரலில் வருத்தம் இல்லை, ஆர்வமும் இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி போகப்போகிறேன். படம் கிடைத்தால் அதை முழுப் பக்கத்தில், தலைப்பில்லாமல், பக்கத்தில் என் எழுத்து ஒரு வரிகூட இல்லாமல் போடும்படி ஆசிரியரைக் கேட்டுக்கொள்கிறேன். அச்சுக்கூலி கூடுதலாகும் என்றால் அந்தப் பக்கத்தின் செலவு என்னுடையது.