எந்த ரயில் அது?

சமீபத்தில் காந்திஜி பற்றி ஓர் ஆவணப்படம் பார்த்தேன். 1948-ல் அவரது அஸ்தி சென்னையிலிருந்து ராமேஸ்வரம் சென்றதைச் சொல்கிறார்கள். திரையில் ஓடுவதோ அகலப்பாதை ரயில்! அன்று அது மீட்டர்கேஜ் பாதை. தண்டவாளத்தோடு காலம் தள்ளியவன் கண்ணுக்கு இது தப்புமா?

உண்மைக் காட்சியே நம் புனேயில் இருப்பதுதான் வேதனை. லா காலேஜ் ரோடு தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தார் 2019-ல் கண்டெடுத்த 30 சுருள்களில் அந்தத் தனி ரயிலும் உண்டு. மானாமதுரை, ராமநாதபுரம் ஸ்டேஷன்களில் ஜனங்கள் கும்பிட்டு நிற்கிறார்கள். பதினான்கு வயதில் என் தகப்பனாரும் மானாமதுரை பிளாட்பாரத்தில் நின்றாராம்.

ஏ.கே. செட்டியார் தம் காந்தி படத்துக்காக உலகமெல்லாம் அலைந்து 50,000 அடி பிலிம் சேர்த்து, 1940-ல் 12,000 அடிப் படமாக வெளியிட்டார். கம்ப்யூட்டர் யுகத்தில் லா காலேஜ் ரோடு அத்தனை தூரமா?

அசல் கிடைக்கவில்லையா, வேறு ரயிலைக் காட்டட்டும், தவறில்லை. 'இது அந்த ரயில் அல்ல' என்று கீழே ஒரு வரி போடட்டும். போடாவிட்டால் அடுத்து படம் எடுப்பவர் இதையே அசலென்று எடுத்துக்கொள்வார். மானாமதுரையில் நின்றவர்களை அப்புறம் யார் தேடப் போகிறார்கள்?