சிறை வாசலில் கேட்கப்படும் உறவு

மாமல்லபுரத்திலோ கோவளத்திலோ ஒரு திருநங்கை கைதாகிறார் என்று வைத்துக்கொள்வோம். கடை கேட்க, அதாவது கடை கடையாகக் காசு கேட்கப் போன இடத்தில் தகராறு, பொது இடத்தில் பாலியல் தொழிலுக்கு அழைத்தார் என்ற குற்றச்சாட்டு, திருட்டுச் சந்தேகம் என்று வழக்கு பெரும்பாலும் சிறியதாகத்தான் இருக்கும். நடுவர் காவலில் வைக்கச் சொன்னால் சென்னைக்கு அந்தப் பக்கம் இருக்கும் புழல் வரை போகவேண்டியிருக்கும். உள்ளே போன நாளிலிருந்து வெளியே வரும் நாள்வரை ஒரே கேள்வி அவரைத் துரத்திக்கொண்டே இருக்கும்: “சொந்தக்காரங்க யாராவது இருக்காங்களா?”

பதினைந்து பதினாறு வயதில் வீட்டைவிட்டு விரட்டப்பட்டவரிடம் கேட்கப்படும் கேள்வி இது. அவருக்கு உறவே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. திருநங்கைகள் தமக்குள் அமைத்துக்கொண்ட குடும்பமான ஜமாத்தில் அவரை மகளாக ஏற்றுக்கொண்ட அம்மா உண்டு; அந்த அம்மாவுக்கு அம்மாவான நானி உண்டு; கூடப் பிறக்காத அக்கா தங்கைகள் உண்டு. காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்தவர்கள், நிர்வாணம் எனப்படும் பாலின மாற்ற அறுவைக்குப் பிறகு நாற்பது நாள் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டவர்கள் அவர்கள்தான். ஆனால், நீதிமன்றப் படிவத்திலும் சிறைப் பதிவேட்டிலும் அவர்களை எழுத ஒரு கட்டம் கிடையாது. சிறையில் இருக்கும் திருநர்களுக்கும் பால்புதுமையினருக்கும் என்ன செய்யலாம் என்ற பேச்சு எடுத்தாலே தனி அறை, தனிக் கழிப்பறை என்று கட்டடத்தை நோக்கிப் போய்விடுகிறது. அவை வேண்டியவைதான். அதற்கும் முன்னதாகத் தீர்க்கவேண்டியது இந்த உறவுக் கேள்வி.

ஜாமீனிலிருந்து தொடங்கலாம். இரண்டு பேர் ஜாமீன் நிற்க வேண்டும், அதில் ஒருவர் இரத்த உறவாக இருக்க வேண்டும் என்று நிபந்தனை விதிப்பது தமிழ்நாட்டு நீதிமன்றங்களில் பழகிப்போன ஒன்று. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இப்படி ஒரு தேவை எழுதப்படவில்லை. அதன் இடத்தில் வந்திருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் இல்லை. 1978-ல் மோதிராம் வழக்கில், சகோதரரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று சொல்லி ஒரு கொத்தனாரின் ஜாமீனைக் கீழ் நீதிமன்றம் ஏற்க மறுத்ததை உச்ச நீதிமன்ற நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் கடுமையாகச் சாடினார். ஆயிரம் ரூபாய்க்குச் சொந்தப் பிணை எழுதிக்கொடுத்தால் போதும் என்று அவரை விடுவித்தார். அந்தக் கொத்தனாருக்காவது வந்து நிற்க ஒரு சகோதரர் இருந்தார். அப்பா முகம் கொடுத்துப் பேசாத, அண்ணன் கல்யாணத்துக்குக்கூட அழைக்காத ஒரு திருநங்கை, எந்த இரத்த உறவைக் கொண்டுவந்து நிறுத்துவார்? ஜாமீனில் விடத்தக்க சிறு வழக்குகளில், ஒரு வாரத்துக்குள் பிணை தர முடியாதவரை வசதியற்றவராகக் கருதி, அவருடைய சொந்த உறுதிமொழியின் பேரிலேயே விடவேண்டும் என்று சட்டம் சொல்கிறது. இதை எடுத்துச்சொல்ல அவர் பக்கம் ஒரு வழக்கறிஞர் நிற்க வேண்டும். வழக்கறிஞரைத் தேடிப்போக வெளியே ஒருவர் இருக்க வேண்டும். மறுபடியும் அதே கேள்வியில் வந்து முட்டிக்கொள்கிறோம்.

அடுத்தது மனு. சிறையில் இருப்பவரை நேரில் பார்ப்பதற்கு இங்கே அதுதான் பெயர். மனு போட்டு யாராவது வந்தால்தான் சோப்பும் மாற்றுத்துணியும் வழக்கு விவரமும் கைக்கு வரும். “கைதிக்கு நீங்கள் என்ன உறவு?” என்று கேட்கும் இடத்தில் ஜமாத் அம்மா என்ன பதில் சொல்வார்? 2024 ஜூலை 15 அன்று மத்திய உள்துறை அமைச்சகம் எல்லா மாநிலங்களுக்கும் ஒரு கடிதம் அனுப்பியது. பால்புதுமைச் சமூகத்தைச் சேர்ந்த கைதிகளையும் குடும்பத்தினர், உறவினர், நண்பர்கள், வழக்கறிஞர் ஆகியோர் பாகுபாடின்றிச் சந்திக்க அனுமதிக்க வேண்டும் என்பது அதன் சாரம். தன்பாலினத் திருமணத்தை ஏற்க மறுத்த 2023 அக்டோபர் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு, அன்றாட உரிமைகளையாவது ஆராய ஒரு குழு அமைக்கப்பட்டது. அந்த வழியில் வந்த கடிதம் இது. ஒரு பெண்ணைக் காதலிக்கும் பெண் கைதிக்கும், ஆண்கள் சிறையில் தன் இயல்பை வாய்திறந்து சொல்ல முடியாத ஓர் ஆணுக்கும் இதன் பயன் பெரியது. அவர்களைப் பற்றிச் சிறைப் புள்ளிவிவரத்தில் ஒரு வரிகூடக் கிடையாது.

ஜமாத் உறவை அரசு அறியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. 1871-ல் ஆங்கிலேய அரசு கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டத்தின் இரண்டாம் பகுதி, வட மாகாணங்களில் இந்தச் சமூகத்தாரின் பெயர்களைப் பதிவேட்டில் ஏற்றச் சொன்னது. பதிவானவர்கள் பெண்ணுடையில் பொது இடத்தில் தோன்றினாலோ ஆடினாலோ சிறை. அத்தோடு நிற்கவில்லை. அவர்கள் தத்தெடுக்க முடியாது, உயில் எழுத முடியாது, சிறுவருக்குக் காப்பாளராக இருக்க முடியாது என்றும் எழுதிவைத்தது. உடைக்கவேண்டியது அந்தக் குடும்ப அமைப்பையே என்று தெரிந்துதான் சட்டம் இயற்றினார்கள். பார்த்த மாத்திரத்தில் சந்தேகத்துக்கு ஆளாவது எப்படியிருக்கும் என்பது, மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரையில் வந்து கூடும் இருளர் பழங்குடி மக்களுக்கும் தெரியும். அவர்கள் மீது திருட்டு வழக்குப் போட்டால், நீதிமன்ற வாசலில் வந்து நிற்க ஊரும் உறவும் உண்டு. திருநங்கைக்கு நிற்பவர்களை மட்டும் நீதிமன்றம் உறவென்று எண்ணுவதில்லை.

தனி அறை விஷயத்துக்கு வருகிறேன். 2020ஆம் ஆண்டின் சிறைப் புள்ளிவிவர அறிக்கையில்தான் தேசிய குற்ற ஆவணக் காப்பகம் முதன்முறையாகத் திருநர்களைத் தனியே எண்ணியது. நாடு முழுவதும் 1,306 சிறைகள், 4,88,511 கைதிகள், அதில் திருநர் 70 பேர். எண்ணாமல் விடப்பட்டவர்கள் இன்னும் இருப்பார்கள் என்பது என் எண்ணம். எப்படியானாலும் ஒரு சிறையில் பெரும்பாலும் ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள். இந்த நிலையில் ‘தனியாக வையுங்கள்’ என்றால், நடைமுறையில் அது தனிமைச் சிறையாகிவிடும். நீதிமன்றம் தண்டனையாக விதித்தால் அன்றி யாருக்கும் தரக்கூடாதது அது. மத்திய உள்துறை 2022 ஜனவரியில் அனுப்பிய அறிவுரை இந்த ஆபத்தை உணர்ந்திருக்கிறது: தனிப் பகுதி வேண்டும், ஆனால் முற்றிலும் ஒதுக்கிவைக்கக் கூடாது, உடல் சோதனையிலும் மருத்துவப் பரிசோதனையிலும் அவர் சொல்லும் பாலினத்தை மதிக்க வேண்டும் என்கிறது. சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்த சுஷ்மா வழக்கில் 2021 ஜூன் மாதம் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் பிறப்பித்த உத்தரவும், பாலியல் தாக்குதலைத் தவிர்க்கத் திருநர் கைதிகளை ஆண் கைதிகளிடமிருந்து பிரித்து வைக்கச் சொன்னது. ஆபத்து சக கைதிகளிடமிருந்து மட்டும் வருவதில்லை. 2024-ல் திருச்சி மத்திய சிறையில் இருந்த ஒரு திருநங்கை, சிறைக் காவலர் ஒருவர் மீதே பாலியல் புகார் கொடுத்தார். வாரந்தோறும் மனு போட்டு ஒருவர் வந்து பார்க்கிறார் என்றால், கைவைக்க நினைப்பவர் யோசிப்பார். வெளியிலிருந்து வரும் அந்தக் கண்களைவிடப் பெரிய பாதுகாப்பை எந்தச் சுவரும் தந்துவிடாது.

ஜமாத்தை நான் புனிதப்படுத்த விரும்பவில்லை. அங்கும் அதிகாரம் உண்டு, கடன் உண்டு, அம்மாவுக்குக் கட்டவேண்டிய தொகைக்குப் பயந்து ஓடிவந்தவர்களும் உண்டு. ஜமாத்துக்கு வெளியே வாழும் திருநம்பிகளுக்கு இந்த வலையும் கிடையாது. ஆகவே ஜமாத் தலைவிக்கு உரிமை கொடு என்று கேட்பது சரியாகாது. ‘என் ஆள் இவர்’ என்று கைதி யாரைக் கைகாட்டுகிறாரோ அவரை ஏற்றுக்கொள்ள வேண்டும். அது அம்மாவாகவும் இருக்கலாம், தோழியாகவும் இருக்கலாம், துணைவராகவும் இருக்கலாம். வழி திறந்துதான் இருக்கிறது. 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதிகள் ஜி.ஆர்.சுவாமிநாதன், வி.லட்சுமிநாராயணன் அமர்வு, பெற்றோரால் அடைத்துவைக்கப்பட்ட பெண்ணை மீட்கக் கேட்டு அவருடைய தோழி தொடுத்த ஆட்கொணர்வு வழக்கில், திருமணம் மட்டுமே குடும்பத்தை உண்டாக்கும் வழி இல்லை என்றது. தாமே தேர்ந்துகொண்ட குடும்பம் என்பதை ஏற்றது. ஆட்கொணர்வு மனுவில் ஏற்கத்தக்க உறவு, ஜாமீன் படிவத்தில் ஏற்கத்தகாததாக எப்படி ஆகும்?

மாமல்லபுரமும் கோவளமும் அடங்கிய செங்கல்பட்டு மாவட்டத்தைப் பொறுத்தவரை செய்யவேண்டியவை கைக்கெட்டும் தூரத்தில் உள்ளன. ஏழைக் கைதிகளுக்கான 2023ஆம் ஆண்டின் மத்தியத் திட்டம், ஜாமீன் தொகையை அரசே கட்ட வழிசெய்கிறது. அதை முடிவு செய்யும் மாவட்டக் குழுவில் ஆட்சியர் தரப்புக்கும் இடம் உண்டு. திருநர் அடையாளச் சான்று வழங்குவதும் அதே ஆட்சியர்தான். சிறைக்குள் இருப்பவர் சான்றுக்கு விண்ணப்பிக்கவும் பிணைத்தொகை பெறவும் ஒரே கோப்பு போதும். ஆனால் திருநர் நல வாரியம் சமூக நலத் துறையின் கீழும் சிறை உள்துறையின் கீழும் இருக்கின்றன. இரு துறையினரும் ஒரு மேசையில் உட்காரும் நாள் வரவேண்டும். வெளியே வந்தவுடன் சான்று இல்லையென்றால் வாரியத்தின் சுயதொழில் மானியம் இல்லை, வாடகை வீடு இல்லை. மறைமலைநகர்த் தொழிற்சாலையில் வேலை கேட்டால் காவல்துறைச் சரிபார்ப்பு. மீண்டும் கடை கேட்கப் போவார், மீண்டும் அதே காவல் நிலையம். புழலில் பெண் கைதிகளே நடத்தும் பெட்ரோல் நிலையத்தை 2023-ல் திறந்த அரசுக்கு, விடுதலையான திருநர்களுக்கு ஒரு வேலை ஏற்பாடு செய்வது கடினமில்லை.

தண்டனை பெற்றவர்களிடமும் இதே உறவுக் கேள்வி வருகிறது. தண்டனைக் கைதிகளுக்கு விடுப்பு தரும் தமிழ்நாட்டின் 1982ஆம் ஆண்டு விதிகளில், சாவுக்கும் கடும் நோய்க்கும் அவசர விடுப்பு, நெருங்கிய இரத்த உறவுகளையும் வாழ்க்கைத் துணையையும் வைத்தே கணக்கிடப்படுகிறது. இருபது வருடம் சோறு போட்ட அம்மா இறந்தாலும் மகளால் போய்க் கொள்ளிவைக்க முடியாது. அந்தப் பட்டியலில் ‘கைதி தம் குடும்பமாக அறிவித்தவர்’ என்று சேர்க்க மாநில அரசின் ஓர் அரசாணை போதும். இரத்த உறவு நிபந்தனையைத் திருநர் வழக்குகளில் வலியுறுத்த வேண்டாம் என்று உயர் நீதிமன்றம் ஒரு சுற்றறிக்கை அனுப்பலாம். அதுவரை, செங்கல்பட்டு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு, ஜாமீன் நிற்க முன்வரும் சமூகத் தலைவிகள், தன்னார்வலர்கள் பெயர்களைக் கேட்டுப் பதிந்துவைத்து, கடற்கரையோரக் காவல் நிலையங்கள் ஒவ்வொன்றுக்கும் அனுப்பலாம். அடுத்த கைதுக்கு முன்பாகவே அதைச் செய்துவிட முடியும்.