சாரன் நுனியால் லென்ஸ் துடைக்காதீங்க

2004 சுனாமியில் இந்தக் கரையில் எத்தனையோ வீட்டு அல்பங்கள் போயிட்டு. சவூதியிலிருந்து வாப்பாமார் கொண்டுவந்த பழைய யாஷிகா கமராக்களில் மிஞ்சினதையாவது நாம இறக்கக்கண்டியில் காப்பாற்றணும்.

லென்ஸில் தெரியும் ஊதா மினுக்கம் அழுக்கல்ல, பூச்சு. பெரும்பாலும் மக்னீசியம் புளொரைட். தடிப்பு மில்லிமீற்றரில் பத்தாயிரத்தில் ஒரு பங்களவுதான். நம்ம காற்றில் வரும் உப்பும் மணலும் துணிக்கடியில் அரம் மாதிரி அதை அராவும். கொஞ்சத் தூசு படத்தில் தெரியவே தெரியாது, விட்டுடலாம். கட்டாயமென்றால் றப்பர் ஊதியால் ஊதி (வாயால் ஊதினா எச்சில் படும்), மென்மையான தூரிகையால் தட்டிவிட்டு, கடைசியாத்தான் துணி. லென்ஸ் திரவத்தைத் துணியில் விடுங்க, கண்ணாடியில் விடாதீங்க.

தோல் உறையோடு அலுமாரியில் பூட்டினா பூஞ்சணம் பிடித்துப் பூச்சைத் தின்னும். இறுக்கமா மூடும் டப்பாவில், சிலிக்கா ஜெல் பொதியோடு வைங்க.